உட்கார்ந்த இடத்தைத் துடைப்பவர்

எங்கள் ஆபீசில் டீக்கடை கிளாசைக் கழுவித் திருப்பிக் கொடுத்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் குடித்துவிட்டு எங்கே கை போகிறதோ அங்கே வைப்போம். பிரிண்டர் மேலே, ஜன்னல் கட்டையில், கீபோர்டு பக்கத்தில். டீக்கடைக்காரர் மாடி ஏறி வந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டு, எங்களைத் தெலுங்கில் வைதபடியே இறங்குவார். இவருடைய கிளாஸ் மட்டும் குழாயில் கழுவி, ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். கிளாஸ் இருந்த இடத்தில் மேஜைமேல் ஓர் ஈர வட்டம் இருக்குமே, அதையும் கைக்குட்டையால் துடைத்துவிடுவார்.

"இன்னாண்ணா, டீக்கடைக்காரருக்குக் கூலியில்லாம வேல செய்யறீங்க?" என்று கேலி செய்வேன்.

"பழக்கம் மேடம்" என்பார்.

மேடமாம்! எனக்கும் அவருக்கும் ஒரே சம்பளம். வயதிலும் அவர்தான் பெரியவர். நான் முகவரி தட்டுகிற பெண், அவர் கம்ப்யூட்டர்களையே கட்டி மேய்க்கிறவர். மேடம் என்று கூப்பிடாதீர்கள் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு "சரிங்க மேடம்" என்பார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அது திருப்பதியில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும், அதைச் சரிபண்ண அமெரிக்காக்காரன் ஆள் தேடுகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. விசா கிடைத்தவர்கள் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். டிபன் கடையில் சந்தனம் பூசின இளவட்ட மொட்டை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "நியூஜெர்சியா, கலிபோர்னியாவா?" என்று கேட்பதுதான் மரியாதை. எங்கள் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. செய்த வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஓர் ஆன்மிக மாதப் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு முகவரிச் சீட்டு அச்சடித்துத் தருவோம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை பக்தர்களின் வீட்டு எண் எனக்கு மனப்பாடம். இதில் அவருக்கு மட்டும் ஒரே நினைப்பு, எப்படியாவது அமெரிக்கா போய்விட வேண்டும். அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

அவர் எழுதுகிற எந்த ஸ்கிரிப்டை எடுத்தாலும் முதல் வரி ஒன்றுதான். ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைப்பது. அதை வாசித்து ஒவ்வொன்றாகச் செய்கிற ஆசாமிக்கு ஷெல் என்று பெயர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், உங்களுக்கும் இது போதும். அந்த முதல் வரியில் 'ட்ராப்' என்று ஒரு கட்டளை. 'நீ எப்போது வெளியே போனாலும் சரி, வேலை முடிந்து போனாலும் சரி, நடுவில் தகராறாகி நின்று போனாலும் சரி, போகும்முன் நீ போட்ட குப்பையை அழித்துவிட்டுப் போ' என்று ஷெல்லிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. முகவரிகளை மாநிலவாரியாகப் பிரிக்கும்போது தற்காலிகமாகச் சில ஃபைல்கள் உண்டாகும். அவைதான் குப்பை.

"வேலையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள போறதப் பத்தி இன்னாத்துக்கு?" என்று கேட்டேன்.

"உக்காரும்போதே சொல்லி வெச்சிடணும் மேடம். எப்ப எழுந்துருன்னு சொல்வாங்களோ, நமக்கு இன்னா தெரியும்?"

கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால், அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் இருவருக்கும் ஒரே பஸ். அவர் வடமாலபேட்டையில் இறங்குவார், நான் புத்தூர்வரை போவேன். சீட்டு காலியாக இருந்தாலும் படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அதட்டினால் வந்து உட்காருவார். இறங்கும்போது பாருங்கள், எழுந்து நின்று, தான் உட்கார்ந்திருந்த சீட்டைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். உட்காருவதற்கு முன்னால் தட்டுகிறவர்களை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன். எழுந்த பிறகு தட்டுகிறவரை இவரைத்தான் பார்த்தேன். சுத்தம் பத்தம் அளவுக்கு மீறிப்போன ஆள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் சித்தப்பா ஒருவர் இப்படித்தான், கதவுத் தாழ்ப்பாளைச் சோப்புப் போட்டுக் கழுவுவார்.

ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன், "அமெரிக்கா போயி இன்னாண்ணா பண்ணப் போறீங்க? குளிர்ல வெறச்சிப் போயிடுவீங்க."

"குளிர் இருந்துட்டுப் போவுது. அங்க எந்த ஊருன்னு கேட்டா இந்தியான்னு சொன்னா போதுமாம் மேடம். அதுக்கு மேல தோண்ட மாட்டாங்களாம்."

"இதுக்குப் போயா அவ்ளோ தூரம்?"

"வேற எதுக்குப் போவாங்க?" என்று நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். எல்லாரும் டாலருக்குப் போகிறார்கள் என்று நான் சொல்ல, அவர் யோசித்துக்கொண்டே பேட்டையில் இறங்கிவிட்டார். சீட்டைத் தட்ட மறக்கவில்லை.

என் தம்பி கல்யாணம் முடிந்த மறுநாள் புத்தூரில் எங்கள் வீட்டில் விருந்து. ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வந்தார்கள், எங்கள் ஓனரும் வந்தார். கூடத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தோம். என் அம்மா பரிமாறிக்கொண்டே ஒவ்வொருவரையும் விசாரித்தாள். விசாரிக்காமல் அவளுக்குச் சாம்பார் ஊற்ற வராது.

"தம்பி எந்த ஊரு?" என்று இவரிடம் கேட்டாள்.

"பேட்டை மா. வடமாலபேட்டை."

"பேட்டையில எங்க?"

"பேட்டைக்கு வெளிய. மாந்தோப்பாண்ட."

"யாரு தோப்பு?"

அவர் ஒரு பெரிய வீட்டுக்காரரின் பேரைச் சொன்னார். "எங்க நைனா அவுங்க தோப்புல இருந்தாரு" என்றார். "ஓ" என்றாள் அம்மா. சாம்பார் வாளி அடுத்த இலைக்கு நகர்ந்தது.

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது எங்கள் ஓனர் மரியாதைக்காக இலையைத் தூக்கப்போனார். அம்மா ஓடிவந்து, "ஐயோ வத்து சார், வேணாம்! வைங்க, நீங்க போயி எடுக்கறதா!" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தி, ஏறக்குறைய அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அதே வரிசையில் கடைசியில் இவர் தன் இலையை மடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார். டம்ளரில் மீந்த தண்ணீரை இலை இருந்த இடத்தில் தெளித்தார். உள்ளங்கையால் வழித்துத் துடைத்தார். தரை பளபளவென்று ஆனது. அம்மா இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாரும் போனபிறகு கேட்டேன், "ஏம்மா, எங்க ஓனர் எலைய எடுக்கப் போனா அந்தக் கத்து கத்தின. எங்க ஆபீஸ் அண்ணன் தரையவே தொடச்சாரு, சும்மா நின்னுக்கினு இருந்தியே?"

"அந்தப் புள்ளைக்கே தெரிஞ்சிக்குது. நீ போயி பாத்திரத்த எடுத்துப் போடு."

என்ன தெரிந்திருக்கிறது? எனக்குத் தெரியவில்லையே! பி.காம். படித்தவள்தான் நான். ஆனால் அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்த்தாலும் புரியவில்லை, அவர் முகத்தை நினைத்துப் பார்த்தாலும் புரியவில்லை. ஏதோ எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாதது போல எரிச்சலாக வந்தது.

அவர் காத்திருந்த ஆள் ஒருநாள் வந்தார். சென்னையில் கன்சல்டன்சி நடத்துகிறவர், அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புகிறவர், எங்கள் ஓனருக்குத் தெரிந்தவர். மலைக்குத் தரிசனத்துக்கு வந்தவர் வந்ததோடு வந்ததாக நம் ஆளையும் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. மழித்த தலையும் கையில் லட்டுமாக வந்தார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு விள்ளல் பிட்டுக் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எழுதினது ஏதாவது ஓட்டிக் காட்டுங்க, போதும்."

இது அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. தினமும் ஓட்டுகிற முகவரி ஸ்கிரிப்ட்தான். ஆனால் மனுஷனுக்கு விதி, முந்தின நாள் அதை அழகுபடுத்தி வைத்திருந்தார். தற்காலிக ஃபைலை உண்டாக்குகிற வேலையைத் தனிப் பகுதியாக வெட்டியெடுத்து, துடைக்கிற ட்ராப் வரியையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார். "குப்பையப் போடறவன்தான் அள்ளணும், அதான் மேடம் நாயம்" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். பெரிய ஸ்கிரிப்ட் அந்தப் பகுதியை ஓர் அடைப்புக்குறிக்குள் கூப்பிடும். அது ஃபைலை உண்டாக்கி, இந்தா ஃபைல் இங்கே இருக்கிறது என்று பேரை மட்டும் வெளியே சொல்லும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஓட்டினார். திரையில் ஒரே வரி: அப்படி ஒரு ஃபைலே இல்லை.

மறுபடி ஓட்டினார். இல்லை. பேர் வருகிறது, அந்தப் பேரில் ஃபைல் இல்லை.

"இங்கதான் சார் வெச்சேன்" என்றார். ஏதோ தொலைத்துவிட்ட பிள்ளை மாதிரி திரையைத் தொட்டுக் காட்டினார். "வெச்சேன் சார். வெச்சதாலதான பேரு வருது."

எங்கள் ஓனர் பதறிப்போய், "நின்ன பாகனே உன்னிந்தி கதா!" என்றார், நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று. நேற்று ஓடியது பழைய ஸ்கிரிப்ட் என்று அவருக்கு யார் சொல்வது? இவருக்கு வியர்த்து ஊற்றியது. மொட்டைத்தலைக்காரர் மட்டும் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"பதட்டப்படாதீங்க. நான் கோவிந்தராஜ சாமியப் பாத்துட்டு, சாப்பிட்டு வந்துடறேன். ஃபைல் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சு வைங்க. சொன்னீங்கன்னா உங்க பேப்பரைக் கையோட வாங்கிட்டுப் போறேன். இல்லேன்னா, சாரி, வேற ஆளப் பாக்கணும்."

ஓனரும் அவரும் இறங்கிப்போனார்கள். நாங்கள் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை. அவர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கூக்குரல் வைத்தார். ஃபைலை உண்டாக்கினதும் 'வெச்சேன்' என்று திரையில் சொல்ல வேண்டும், துடைத்ததும் 'தொடச்சேன்' என்று சொல்ல வேண்டும், பெரிய ஸ்கிரிப்ட் தேடும்போது 'தேடறேன்' என்று சொல்ல வேண்டும். ஓட்டினார். வெச்சேன், தொடச்சேன், தேடறேன் என்று வந்தது.

"அட! தேடறதுக்கு முன்னாலயே தொடச்சிடுதே" என்றேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடைப்புக்குறி மேடம். அதுக்குள்ள போட்டா ஷெல்லு தன்ன மாதிரியே இன்னொரு ஷெல்லப் பெத்துக்குது. சின்னது, புள்ள ஷெல்லு. அது தன் வேலைய முடிச்சிட்டு எழுந்து போவுது. போறப்ப தொடைன்னு அது கையிலதான நான் சொல்லி வெச்சேன்? தொடச்சிட்டுப் போயிடிச்சி. பெரிய ஷெல்லு இன்னும் உக்காந்துக்கினுதான் இருக்குது, துன்றதுக்கு முன்னாலயே எலைய எடுத்துட்டாப்புல."

"அப்ப அந்த வரிய வெளியவே, பெரிய ஷெல்லு கிட்டயே சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா..." என்று நிறுத்தினார். "புள்ள தகப்பன மாதிரியேதான பொறக்குது? தகப்பன் கிட்ட சொன்னா புள்ளைக்கும் அது வந்துடும். புள்ள எழுந்து போறப்ப அதுவும் தொடச்சிட்டா? மறுபடி அதே கதிதான?"

நியாயமான பயம்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஓட்டிப் பார்த்தார். வெச்சேன், தேடறேன், கடைசியில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, தொடச்சேன். பிள்ளை ஷெல் எதையும் துடைக்காமல் எழுந்து போயிருந்தது. தகப்பன்தான் கடைசியில் துடைத்துவிட்டுப் போனான்.

சரியாகிவிட்டது! நான் கையைத் தட்டினேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுபடி ஓட்டினார். இன்னொரு தரம். பிறகு அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைத் தேடிப் படித்தார். படித்ததையே திரும்பப் படித்தார்.

"இன்னா போட்டுக்குது?" என்றேன்.

"போறப்ப இதச் செய்யின்னு தகப்பனுக்குச் சொல்லி வெச்சது புள்ளைக்குப் போவாதாம். புள்ள வெறுங்கையோட ஆரம்பிக்குமாம். ஆனா இன்னொண்ணு இருக்குது பாருங்க. யாரு வந்து இன்னா சொன்னாலும் காதுல வாங்காதன்னு தகப்பன் கிட்ட சொல்லி வெக்கலாம். அது மட்டும் புள்ளைக்கும் வருமாம். தகப்பன் எதக் காதுல வாங்கலயோ, அதப் புள்ளையும் வாங்காது."

"இது இன்னா கூத்து? ஒண்ணு வரும், ஒண்ணு வராதா?"

அவர் புத்தகத்தை மூடவில்லை. விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அந்த வரியிடமே பேசுவது போலப் பேசினார்.

"எங்க நைனா தோப்புல வேல செஞ்சாரு இல்ல? மத்தியானம் பெரிய வூட்டு வாசல்ல சோறு போடுவாங்க. நாங்களும் போவோம். துன்னுட்டு எழுந்திருக்கறப்ப உக்காந்த எடத்துல தண்ணி தெளிச்சி, தொடச்சிட்டுதான் வரணும். எங்க ஜனம் உக்காந்த எடத்துல அவுங்க கால் வெக்க மாட்டாங்க. உக்காரும்போதே நைனா சொல்லுவாரு, 'எழுந்துக்கறப்ப தொடச்சிட்டு எழுந்துருடா'ன்னு. அவுங்க திட்டுவாங்க. நைனா காதுலயே வாங்க மாட்டாரு, மரமாட்டம் இருப்பாரு."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"காதுல வாங்காதது எனக்கு வந்துக்குது. அது சரி, புத்தகத்துல போட்டபடிதான். தொடைக்கறது ஏன் மேடம் வந்துச்சி? அது வரக்கூடாது இல்ல? இப்ப யாரு என்னத் தொடைக்கச் சொல்றாங்க? நீங்க சொல்றீங்களா? டீக்கடைக்காரரு சொல்றாரா? யாரும் சொல்லலயே. கை தானாப் போவுதே."

கோபமாக இல்லை அவர். அழவும் இல்லை. ஃபைல் எங்கே போனது என்று தேடினபோது இருந்த அதே முகம், எங்கேயோ ஒரு வரி தப்பாக இருக்கிறது, எந்த வரி என்று தெரியவில்லை என்கிற முகம். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. விருந்து நாளில் அம்மா இரண்டடி தள்ளி நின்றதும் 'ஓ' என்றதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன.

மொட்டைத்தலைக்காரர் திரும்பி வந்தார். இவர் வெச்சேன், தொடச்சேன், தேடறேன் என்று ஓட்டிக் காட்டினார். பிறகு சரிசெய்ததை ஓட்டிக் காட்டினார். பிரிண்டர் முகவரிச் சீட்டை வரிசையாகத் துப்பியது.

"வெரி குட். சைல்டு எப்பவும் ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கும், அத ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார் அவர்.

"அப்படித்தான் சார் புத்தகத்துல போட்டுக்குது" என்றார் இவர்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அந்த ஜனம் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததே பெரிசு என்பது போல ஏதோ முணுமுணுத்தாள். "அந்தக் காலத்துல அப்படி" என்றாள். எந்தக் காலத்தில்? தம்பி கல்யாணம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! அம்மா கெட்டவள் இல்லை. தெருநாய்க்குக்கூடச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டாள். அதனால்தான் எனக்குக் குழப்பம் தீரவேயில்லை. அவளுக்கு அதை யார் சொல்லி வைத்தார்கள்? அவள் எதைக் காதில் வாங்காமல் விட்டாள்? இவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் அம்மாவில் போய் நிற்கும், அம்மாவைப் பற்றி யோசித்தால் நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியாமல் போகும்.

அவருக்கு விசா வந்தது. மொட்டை போட்டுக்கொள்ளவில்லை. "எதையும் வேண்டிக்கலயே மேடம்" என்றார். கடைசி நாள் ஆபீசை விட்டுப் போனபோது பார்த்தால், அவர் மேஜையில் ஒரு மனுஷன் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். டிராயர் காலி. கீபோர்டு இடுக்கில் தூசி இல்லை. கம்ப்யூட்டரில் அவர் பேரில் இருந்த கணக்கையே எடுத்துவிட்டிருந்தார். அவர் எழுதின ஸ்கிரிப்டுகளை என் பேருக்கு மாற்றி வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு பேனா மூடியாவது வுட்டுட்டுப் போகக்கூடாதா? செத்தா போறீங்க?" என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு மேடம் வுடணும்?" என்றார். சத்தியமாக அவருக்குப் புரியவில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் ஒருவன் வீட்டைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

பல வருஷம் கழித்துத் திருப்பதிக்கு வந்தார். எனக்குக் கல்யாணமாகி இங்கேயே வீடு, அம்மாவும் என்னோடுதான் இருக்கிறாள். அவருக்கு முன்நெற்றி ஏறியிருந்தது, லேசாகத் தொந்தி. கூட அவர் மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. மனைவி தன் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார்களாம். "எப்பிடி இருக்கீங்க மேடம்?" என்றார். நான் தலையிலடித்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் மேஜையில் தோசை வைத்தேன். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, விசாரிக்கிற புத்தி மட்டும் மங்கவில்லை. குழந்தையின் பக்கம் குனிந்து, "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குப் பக்கென்றது.

"நியூ ஜெர்சி" என்றாள் குழந்தை.

"அதுல எங்க?"

"எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு லேக் இருக்கு. அதுல வாத்து இருக்கு. வின்டர்ல எங்க போகும்னு தெரியல."

அம்மாவுக்கு அதற்கு மேல் எங்கே தோண்டுவது என்று தெரியவில்லை. "வாத்தா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சிரித்தார் பாருங்கள், அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் நான், அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் கேட்டதேயில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

குழந்தை பாதித் தோசையைத் தின்றது. சட்னியை மேஜையெல்லாம் இழுவிவிட்டு, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு, நாற்காலியைக் கோணலாகத் தள்ளிவிட்டு, மலை தெரிகிறது என்று பால்கனிக்கு ஓடிவிட்டது. அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வையிப்பா, நான் எடுத்துக்கறேன்" என்றாள் அம்மா. மெல்லிய குரலில்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள், நான் கேட்டேன்.

"பழக்கம் மா" என்றார். தட்டையும் டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார். திரும்பி வந்து, கைக்குட்டையை எடுத்து, தான் சாப்பிட்ட இடத்தைத் துடைத்தார். அவர் பக்கம் மேஜை பளபளவென்று ஆனது. பக்கத்திலேயே குழந்தை சாப்பிட்ட இடம் சட்னியும் தண்ணீருமாகக் கிடந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு அதைத் துடைக்கப் போனேன். சட்டென்று என் கையைத் தடுத்தார்.

"வுடுங்க மேடம்."

"ஈ மொய்க்கும்ண்ணா."

"மொய்க்கட்டும். கொஞ்ச நேரம் அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லி, அந்தக் கோணல் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார். "நான் பாத்துக்கினு இருக்கேன்."